டெங்கு பாடத்தில் நூறு மார்க், வீட்டு டிரம்மில் கூத்தாடி

டெங்கு எதனால் வருகிறது என்று மதுரையில் ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். "ஏடிஸ் கொசு" என்று பட்டென்று பதில் வரும். அந்தக் கொசு தன் வீட்டு வாசலிலேயே வளரலாம் என்பதுதான் மனதில் ஏறியிருக்காது.

சாக்கடையைக் கண்டு மூக்கைப் பொத்துவதில் தொடங்குகிறது தவறு. சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு யானைக்கால் நோயைப் பரப்பும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸுக்கு வேண்டியது நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீர். தினமும் குழாயில் தண்ணீர் வராத தெருக்களில் டிரம், அண்டா இல்லாத வீடு ஏது? ஏடிஸ் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காது. கடித்தது நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வளர்ந்ததாகத்தான் இருக்கும். "மாநகராட்சி புகை அடிக்கலையே" என்பது பாதி நியாயம்தான். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும், தண்ணீரில் நெளியும் கொசுப்புழுவான கூத்தாடியைத் தொடாது.

டிரம்மை எட்டிப் பார்த்து "ஒண்ணுமில்லை" என்று போய்விடாதீர்கள். நிழல் விழுந்ததுமே கூத்தாடிகள் நெளிந்து அடிக்கு ஓடிவிடும். செல்போன் டார்ச்சை அடித்தபடி இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். மூச்சு வாங்க மேலே வந்துதானே ஆக வேண்டும்!

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிய உள்சுவரில் கரும்புள்ளிகளாக ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடருமாக உள்சுவரை அழுத்தித் தேய்த்து, நன்றாக அலசி, டிரம்மின் வாயைத் துணியால் கட்டுங்கள். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும் என்பதால் வாரம் ஒருமுறை கட்டாயம். ஃபிரிட்ஜின் பின்தட்டு, மூலையில் கிடக்கும் ஆட்டுரல், தீபாவளி லீவில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டி எல்லாம் இதில் சேர்த்தி.

ராத்திரி வலைக்குள் படுப்பவர்கள் பகலில் அரைக்கைச் சட்டையோடு திரிகிறார்கள். ஏடிஸ் கடிப்பதோ பகலில்தான், காலையிலும் சாயங்கால டியூஷன் நேரத்திலும் அதிகம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, காய்ச்சல் இறங்கியதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது. 3 முதல் 7ஆம் நாளுக்குள் சூடு தணியும்போதுதான் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. அதுவரை பாராசிட்டமால் மட்டும். ஐப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டும். நிலவேம்புக் குடிநீர் கொடுத்தாயிற்று என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது.