ஆள் சரி, ஒப்பந்தம் தப்பு: என்பிஏ அணிகள் தவிர்த்திருக்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஒரு அணி சரிந்தால், தப்பான ஆளை எடுத்துவிட்டார்கள் என்றுதான் பேசிக்கொள்கிறோம். பழைய கதைகளைக் கிளறினால், பல இடங்களில் ஆள் சரியாகவே இருக்கிறார். எத்தனை வருஷம், எவ்வளவு சம்பளம், பதிலுக்கு எதைக் கொடுத்தோம் என்ற கணக்கில்தான் அணி சறுக்கியிருக்கும்.

ஐரோப்பியக் கால்பந்தில் மாதிரி, இங்கே கோடிகளைக் கொட்டி இன்னொரு அணியின் நட்சத்திரத்தை வாங்கிவிட முடியாது. டிரேடில், அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதில், கைமாறுவது ஒப்பந்தம். மீதமுள்ள வருஷங்களும் சம்பளமும் அப்படியே புது அணியின் தலையில் விழும். அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பைத் தாண்டிய அணி (2024-25இல் அந்த வரம்பு சுமார் 14.06 கோடி டாலர்) அனுப்பும் சம்பளமும் வாங்கும் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போகிற மாதிரிதான் டிரேட் செய்ய முடியும். சொந்த வீரரைத் தக்கவைக்க வரம்பை மீறலாம். பழைய பாஸ்டன் நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரால் இதைப் பேர்ட் உரிமை என்கிறார்கள். மூன்று சீசன் ஆனால்தான் அது முழுசாகக் கிடைக்கும். இந்த மூன்று சீசன் விஷயத்தில் அடிபட்ட அணி கிளீவ்லேண்ட்.

கார்லோஸ் பூஸர் 2002 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வு, மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னுரிமை) இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். இரண்டே வருஷத்தில் நன்றாக வளர்ந்துவிட்டார். 2004இல் இன்னொரு வருஷம் வெறும் 7 லட்சம் டாலருக்கு அவரை வைத்துக்கொள்ளும் உரிமை அணியிடம் இருந்தது. அதை வேண்டாம் என்று விட்டார்கள். ஆறு வருஷத்துக்குச் சுமார் 4 கோடி டாலரில் புது ஒப்பந்தம் போட்டுக்கொள்வார் என்ற நம்பிக்கை. அப்படி ஒரு வாக்கு இருந்ததாக அணி சொன்னது. பூஸர் தரப்பு மறுத்தது. அதற்குள் யூட்டா ஜாஸ் கிட்டத்தட்ட 7 கோடியை நீட்டியது. அவர் கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட். அதாவது அதே தொகையைக் கொடுத்துப் பழைய அணி அவரை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பூஸர் ஆடியது இரண்டே சீசன், முழு பேர்ட் உரிமை இல்லை. கிளீவ்லேண்டால் அந்தத் தொகையைத் தொடவே முடியவில்லை. பூஸர் போனார், பதிலுக்கு ஒன்றும் வரவில்லை.

2018இல் டென்வர் நிக்கோலா யோக்கிச்சிடம் இதே காரியத்தைத்தான் செய்தது. அவரும் இரண்டாம் சுற்று, 41ஆவது ஆள். சுமார் 16 லட்சம் டாலர் விலையிலிருந்த நான்காவது வருஷத்தை அணியே வேண்டாமென்று விட்டது. அதை எடுத்திருந்தால் 2019இல் அவர் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் எங்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம். ஆனால் யோக்கிச் மூன்று சீசன் முடித்தவர், யார் எவ்வளவு நீட்டினாலும் டென்வரால் ஈடுகொடுக்க முடியும். ஐந்து வருஷம், ஏறக்குறைய 14.8 கோடி டாலர் என்று பேசி முடித்தார்கள். இரண்டு கதைகளுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சீசன்.

வாய்வார்த்தை வேண்டாம், ரகசியமாக எழுதி வைத்துக்கொள்ளலாமே என்றால், அது இன்னும் மோசம். ஜோ ஸ்மித்துடன் அப்படி ஒரு மறைமுக ஒப்பந்தம் போட்ட மினசோட்டாவுக்கு 2000இல் 35 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளும் பறிபோயின.

அடுத்த தவறு, கையில் காசு இருக்கிறது என்பதற்காகவே செலவழிப்பது. புதிய டிவி ஒப்பந்தத்தால் 2016இல் உச்சவரம்பு 7 கோடியிலிருந்து 9.4 கோடிக்கு ஒரே தாவாகத் தாவியது. அந்தக் கோடையில் லேக்கர்ஸ் டிமோஃபே மோஸ்கோவுக்கு 6.4 கோடி, லூவல் டெங்குக்கு 7.2 கோடி, இரண்டும் நான்கு வருஷம் என்று கையெழுத்திட்டது. ஒரு சீசன் முடிந்ததும் மோஸ்கோவைத் தள்ளிவிட, 2015 டிராஃப்டில் இரண்டாவதாக எடுத்த டி’ஆஞ்சலோ ரஸ்ஸலையும் சேர்த்து புரூக்ளினுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. ரஸ்ஸல் 2019இல் அங்கே ஆல்-ஸ்டார் (லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் காட்சி ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனார். டெங்கின் பாக்கியைப் பல வருஷங்களுக்குப் பிரித்துப் போட்டதில், அவர் ஆடாத சீசன்களிலும் அவர் பெயர் லேக்கர்ஸ் கணக்கில் இருந்தது. இருவருமே மோசமான வீரர்கள் இல்லை, ஆனால் அந்த வயதில் நான்கு வருஷம் கொடுத்தது எனக்கு இன்றும் புரியவில்லை.

எதிர்காலத்தை அடகு வைத்த கதைகளில் 2013 புரூக்ளின் டிரேடை மிஞ்ச ஆளில்லை. 37 வயது கெவின் கார்னெட், 35 வயது பால் பியர்ஸ் ஆகியோருக்காக 2014, 2016, 2018 முதல் சுற்று உரிமைகள் பாஸ்டனுக்குப் போயின. அடுத்தடுத்த வருஷங்களில் முதல் சுற்று உரிமை இல்லாமல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எண்பதுகளில் கிளீவ்லேண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் அவற்றை வாரி இறைத்ததால் வந்த விதி, அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஒற்றைப்படை வருஷம் மீதி இருக்கிறதே, அதனால் விதி மீறப்படவில்லை. அப்புறம் 2017க்கு ‘இடமாற்று உரிமை’ கொடுத்தார்கள்: யாருடைய இடம் மேலானதோ அதைப் பாஸ்டன் எடுத்துக்கொள்ளலாம். முதல் சில இடங்களுக்குள் வந்தால் உரிமை எங்களுக்கே என்ற பாதுகாப்பு வாசகமும் கேட்கவில்லை. பியர்ஸ் ஒரே சீசனில் கிளம்பினார். 2016-17இல் புரூக்ளின் 82 ஆட்டங்களில் 20 மட்டும் வென்று கடைசியில் நின்றது. அதன் பலனாக 2017 டிராஃப்டில் கிடைத்த முதலிடம் பாஸ்டனுக்கு. அதைப் பிலடெல்பியாவுடன் மாற்றி, மூன்றாம் இடத்தில் ஜேசன் டேட்டமை எடுத்தார்கள். 2016 உரிமையில் ஜேலன் பிரவுன் ஏற்கெனவே வந்திருந்தார். பாஸ்டன் வென்ற 2024 கோப்பையில் இருவரும் இருந்தார்கள்.

கிளிப்பர்ஸ் 2019இல் பால் ஜார்ஜுக்காக ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்று உரிமைகளையும் ஓக்லஹோமா சிட்டிக்குக் கொடுத்ததையும் இதே வரிசையில் வைப்பார்கள். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. ஜார்ஜ் வந்தால்தான் இன்னொரு நட்சத்திரமான கவாய் லெனர்டும் வருவார் என்ற நிலை அப்போது. ஆனால் விலை பயங்கரம்: 2025 கோப்பை ஓக்லஹோமாவுக்கு.

இப்போது தப்புக்குத் தண்டனை கூடியிருக்கிறது. இரண்டாம் ஏப்ரன் என்ற இன்னும் உயர்ந்த சம்பள வரம்பைத் (2024-25இல் சுமார் 18.9 கோடி) தாண்டும் அணி இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை டிரேடில் எடுக்க முடியாது, அனுப்பியதைவிடக் கூடுதல் சம்பளத்தை வாங்கவும் முடியாது. பீனிக்ஸ் 2023இல் பிராட்லி பீலை எடுத்தபோது, அவர் சம்மதமில்லாமல் டிரேட் செய்யக் கூடாது என்ற பிரிவும் ஒப்பந்தத்தோடு வந்தது. அந்த வரம்புக்கு மேலே நின்ற பீனிக்ஸுக்கு அவரை வேறு அணிக்கு அனுப்ப வழியே இல்லாமல் போனது. 2025 கோடையில் பேசி விடுவித்தார்கள். மீதித் தொகை ஐந்து சீசன்களுக்குப் பரவி, 2029-30 வரை ஆண்டுக்குச் சுமார் 1.9 கோடி டாலர் பீனிக்ஸ் கணக்கில் நிற்கும். பீல் அதே கோடையில் கிளிப்பர்ஸுடன் ஒப்பந்தம் போட்டார்.