வட சென்னைக்குக் குடிவரும் வெளிநாட்டுத் தமிழர்களுக்கு

தமிழ்தானே பேசப் போகிறோம், இதற்கென்ன வழிகாட்டி என்ற நினைப்போடுதான் பலரும் வந்து இறங்குகிறார்கள். கோலாலம்பூரிலோ டொரன்டோவிலோ துபாயிலோ பல வருஷம் இருந்துவிட்டு, தாத்தா காலத்து வீட்டைப் பார்த்துக்கொள்ளவோ, பிள்ளையின் படிப்புக்காகவோ, வயதான அம்மாவின் பக்கத்தில் இருக்கவோ ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் குடிவருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே சட்டம் ஒன்று சொல்லும், தெரு வேறொன்று செய்யும். எதைக் கறாராக எழுதி வாங்க வேண்டும், எதை வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்ளலாம் என்பது பிடிபட்டுவிட்டால் அப்புறம் தலைவலி குறைவு.

பாஸ்போர்ட்டும் பெயரும்

இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் ஆதாருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, வந்ததும் விண்ணப்பிக்கலாம். ஓ.சி.ஐ. அட்டைக்காரர்கள் (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினர்) விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாளாவது இங்கே தங்கியிருக்க வேண்டும். ஓ.சி.ஐ. இருப்பவர்கள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் தங்க வருபவர்கள் வந்த 14 நாளுக்குள் பதிய வேண்டும். அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. பெரும்பாலான வேலை ஆன்லைனிலேயே முடிந்துவிடும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் விசாவோடு வருபவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்றும் விதி உண்டு. பெரியப்பா மகன் வீடாச்சே, இதெல்லாம் எதற்கு என்று விடாதீர்கள். பின்னாளில் விசாவை நீட்டிக்கப் போகும்போது அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள்.

இன்னொன்று. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் ‘சல்லிசா நிலம் இருக்கு சார்’ என்று புரோக்கர்கள் தேடி வருவார்கள். ஓ.சி.ஐ. அட்டைக்காரர்கள் விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் எதையும் விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருவது வேறு கதை.

இதையெல்லாம்விட ஆளை அலைக்கழிப்பது பெயர்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்து போதும். உலகத்துக்கு அது போதாது. குமரன் என்பவர் வெளிநாட்டில் குமரன் சுப்பிரமணியம் ஆகியிருப்பார். வங்கிக்காரர் அவர் அப்பாவைக் கூப்பிடுவதுபோல ‘மிஸ்டர் சுப்பிரமணியம்’ என்பார். இங்கே வந்தால் பள்ளிச் சான்றிதழில் எஸ். குமரன், பான் அட்டையில் சுப்பிரமணியம் குமரன், நிலப் பத்திரத்தில் சு. குமரன். ஆள் ஒருவர்தான், ஆனால் கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். பானும் ஆதாரும் பொருந்தவில்லை என்று வங்கி கணக்கை நிறுத்தி வைத்தால் அப்புறம் அலைச்சல்தான். 2021 இறுதியில் வந்த அரசாணைப்படி அரசு, பள்ளி ஆவணங்களில் தலைப்பெழுத்தும் தமிழில் வர வேண்டும். அதனால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது ‘எஸ்’ஸா, ‘சு’வா என்பதை அங்கேயே பேசித் தீர்த்துவிடுங்கள்.

என் யோசனை இதுதான். பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளை அப்படியே எல்லாவற்றுக்கும் மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு அடிப்பவன், காதில் விழுந்தபடி அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவான். ‘தம்பி, கொஞ்சம் திருப்புங்க’ என்று மானிட்டரை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள். அவன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஊர்ப் பெயர்களிலும் இதே கதைதான், திருவொற்றியூரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள்.

வீடு

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ‘வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்’ என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் எல்லோரும் அந்த வாசல் வழியாகத்தான் போகிறார்கள்; பத்து மாத அட்வான்ஸ் என்று கேட்டால் அதிர்ச்சி அடைய வேண்டாம், பேசிக் குறைக்கலாம். குறைக்கக் கூடாதது ஒப்பந்தத்தை. அதை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் இணையத்தில் பதிந்து, எண் வாங்கிவிடுங்கள். பதியாத ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு நாளைக்கு நியாயம் கேட்கப் போக முடியாது.

இந்தப் பக்கம் போக்கியம் என்ற பழக்கம் இன்னும் பலமாக இருக்கிறது. லீஸ் என்றும் சொல்வார்கள். மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு, மூன்று வருஷம் வாடகை இல்லாமல் இருந்து, போகும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. வெளிநாட்டிலிருந்து கையில் பணத்தோடு வருபவர்களுக்கு இது இனிப்பாகத் தெரியும். அதே வீட்டின் பேரில் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, வங்கி ஒரு நாள் கதவில் நோட்டீஸ் ஒட்டினால் உங்கள் பணம் அந்தரத்தில். சொத்தின் மேல் பதிவான அடமானம், கிரயம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றைப் பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது கட்டாயம். ‘நம்ம மேல நம்பிக்கை இல்லையா?’ என்று ஒரு கேள்வி வரும். ‘இருக்குண்ணே, அதோட சேர்த்து ரிஜிஸ்டரும் பண்ணிடலாம்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது மார்பிள் தரையைப் பார்க்காமல் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் ஈரக்கோடு, அதன் மேல் மட்டும் புதுப் பெயின்ட் என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் வந்த வீடு என்று அர்த்தம். மின்சாரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு, அதில் முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் ஒரே இணைப்பில் நாலு குடித்தனத்துக்கு சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வசூலிக்கும் வீடுகள் உண்டு. அங்கே அந்த இலவசம் உங்கள் கைக்கு வராது.

தண்ணீர் பல தெருக்களில் இன்றும் அடிபம்பில்தான். மெட்ரோ வாட்டர் வரும் நேரம் பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் துல்லியமாகத் தெரியும், எந்தச் செயலிக்கும் தெரியாது. குடங்களின் வரிசைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. புதுக்குடித்தனம் முதல் நாளே நடுவில் குடத்தை நுழைத்தால் அந்தப் பேச்சு ஓய ஒரு மாதம் ஆகும்.

‘நான்வெஜ் சாப்பிடுவீங்களா?’ என்று சௌகார்பேட்டைப் பக்கம் கேட்பார்கள். சில வீட்டுக்காரர்களுக்கு அது நேராகக் கேட்க முடியாத சாதிக் கேள்வி. நேராகப் பதில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள், வடக்கே காசிமேடு பக்கத்தில் அந்தக் கேள்வியே எழாது.

பேச்சு

சினிமாவில் பார்த்த ‘மெட்ராஸ் பாஷை’யைப் பழகிக்கொண்டு வர வேண்டாம். கேட்பவர்களுக்குக் கேலி செய்வதுபோல இருக்கும். உங்கள் யாழ்ப்பாணத் தமிழோ மலேசியத் தமிழோ அப்படியே இருக்கட்டும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆட்டோக்காரர் ‘இன்னாப்பா, எங்க போற?’ என்று ஒருமையில் ஆரம்பித்தால் அது மரியாதைக் குறைவு இல்லை. கடையில் அண்ணா, அக்கா போதும். ‘ஹலோ’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காலையில் ‘நாஷ்டா ஆச்சா?’ என்று கேட்டால் ஆச்சு என்று சொல்லுங்கள், போதும்.

பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கே இடம் கொடுத்த ஊர் இது. 1962 ராணுவப் புரட்சிக்குப் பிறகு ரங்கூனிலிருந்து கப்பலில் திரும்பிய தமிழர்கள் வியாசர்பாடிப் பக்கம் குடியேறினார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் கிளம்பியது. அந்தப் பக்கம் சாயங்காலம் போனால், மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோஸும் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையாலேயே பிசைந்து அத்தோ கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். வந்த முதல் வாரத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

போக வர

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு கதையே மாறிவிட்டது. திருவொற்றியூரில் ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையம். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. முன்பக்கம் இளஞ்சிவப்பு அடித்த வண்டியைப் பார்த்து ஏறலாம். ‘சென்னை ஒன்’ செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம். ஷேர் ஆட்டோ எந்தச் செயலியிலும் வராது, கை காட்டினால் நிற்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம் என்பேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நீங்கள் கண்ணிலேயே படமாட்டீர்கள்.

ஃபோனும் பணமும்

கீரைக்காரம்மாவின் கூடையிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஐந்து ரூபாய் அனுப்பினாலும் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி சத்தமாகச் சொல்லும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு இருந்தால் சிங்கப்பூர், அமீரகம், கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளின் எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம்; உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் மொய் மேசையிலும் இப்போது க்யூஆர் வந்துவிட்டது. இருந்தாலும் நோட்டில் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஃபோனில் போன மொய்யை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, நோட்டில் ஏறியதுதான் திரும்பி வரும்.

மீன்

காசிமேட்டுக்கு விடியற்காலையில் போக வேண்டும். ஏலம் பெரிய கூடைகளுக்கு, அதில் நீங்கள் வாய் திறக்க வேண்டாம். சில்லறைக்கு விற்கும் அக்காக்களிடம் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கி, பக்கத்திலேயே அரிவாள்மனையோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் கொடுத்தால் சங்கராவைக் கண் இமைப்பதற்குள் செதில் எடுத்துத் தருவார்கள். அதற்குத் தனிக்கூலி, பேரம் பேசுவது அழகில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. அந்த நாட்களில் வஞ்சிரம் விலையைக் கேட்டு மயங்க வேண்டாம். ஃபைபர் படகில் வரும் சின்ன மீனை வாங்குங்கள், குழம்புக்கு அதுதான் ருசி.

ஓசை

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அதிகம் திணறுவது இதில்தான். ஆடி வந்தால் தெருமுனை அம்மன் கோவிலில் கூம்பு ஸ்பீக்கர். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000ஆம் ஆண்டு விதி. திருவிழாவுக்காக வருஷத்தில் சில நாள் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்று முதல் நாளே போலீஸுக்கு ஃபோன் போட்டால், சத்தம் அன்றைக்கு நிற்கும், தெருவும் உங்களோடு பேசுவதை நிறுத்தும். ‘பையனுக்கு நாளைக்குப் பரீட்சை அண்ணா’ என்று விழாக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள். கூழ் ஊற்ற வசூலுக்கு வந்தால் ரசீது கேட்பது தப்பில்லை, அவர்களே புத்தகத்தோடுதான் வருவார்கள்.

சாவு வீடு வேறு. தெருவை அடைத்து ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, கண்ணாடிப் பெட்டி, இரவெல்லாம் கானா, மறுநாள் பறையும் பூவும் வெடியுமாக ஊர்வலம். போக்குவரத்து நிற்கும். ஹாரன் அடிக்காதீர்கள். பழக்கமில்லாத வீடாக இருந்தாலும் ஒரு மாலையோடு போய் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கிளம்பும்போது ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். உங்கள் வீட்டிலேயே துக்கம் நேர்ந்தால், அந்த அமளியிலும் 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்ய மறக்காதீர்கள். வெளிநாட்டுப் பென்ஷன், காப்பீடு எல்லாவற்றுக்கும் அந்தச் சான்றிதழ்தான்.

நல்ல நாட்களும் உண்டு. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரரைக் கவசம் இல்லாமல் பார்க்கலாம். கூட்டம் தாங்காது, அம்மாவை அதிகாலையிலேயே அழைத்துப் போய்விடுங்கள்.

காற்றும் மழையும்

மணலி, எண்ணூர் பக்கம் வீடு என்றால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அனல் மின் நிலையம் எல்லாம் சுற்றியே இருக்கின்றன. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு உரத் தொழிற்சாலைக்குப் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். மூச்சிரைப்பு உள்ள பெரியவர்கள் இருந்தால் வீட்டை வேறு பக்கம் பாருங்கள், வாடகை மலிவு என்பதற்காக இதில் சமாதானம் வேண்டாம். அவசரத்துக்கு 108. பெரிய அரசு மருத்துவமனை ஸ்டான்லி. பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை.

தெருவில் தண்ணீர் தேங்கினாலும், விளக்கு எரியாவிட்டாலும், குப்பை எடுக்காவிட்டாலும் மாநகராட்சிக்கு 1913. பேசி முடித்ததும் ஒரு புகார் எண் சொல்வார்கள், குறித்து வையுங்கள். நாலு நாள் கழித்து வார்டு அலுவலகத்துக்கு நேரில் போனால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.