குக்ரி கப்பலோடு போனவரை நினைவுகூர

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் மூழ்கடிக்கப்பட்ட நம் கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் குக்ரியில் உயிர்விட்டவர் உங்கள் சொந்தமா? முதலில் டிரங்குப் பெட்டியைக் கிளறி பென்ஷன் புத்தகமோ பழைய தந்தியோ இருக்கிறதா பாருங்கள், பெயர், பதவி, சர்வீஸ் எண் மூன்றும் கிடைத்துவிட்டால் டெல்லி தேசியப் போர் நினைவுச்சின்னத்தின் கருங்கல் சுவரில் அவரைத் தேடுவது சுலபம்.

பலர் டிசம்பர் 4 கடற்படை நாளன்றே மாலை போட்டுவிடுகிறார்கள். கப்பல் மூழ்கியது 9ஆம் தேதி இரவு, திதி கொடுப்பதென்றாலும் அதைவைத்தே பாருங்கள். முடிந்தால் குஜராத் கரையை ஒட்டிய டையூ தீவுக்குப் போங்கள், கடலோர மேட்டில் கண்ணாடிக்குள் குக்ரியின் மாதிரி நிற்கிறது. கப்பலோடே மூழ்கிய அதன் கேப்டன் முல்லாவைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள் (பேச வேண்டியதுதான்), ஆனால் போனது 194 பேர். அப்புறம், லீவில் வந்தபோது அவர் என்ன சாப்பிட்டார், யாரை வம்புக்கிழுத்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஃபோனில் பதிவுசெய்யுங்கள்.