பெங்களூரு ராத்திரி ரயில்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு போன். எங்கள் மாடியில் குடியிருக்கும் வேலூர்த் தம்பி. "அண்ணா, டிக்கெட் கன்பர்ம்தான். ஆனா என் பெர்த்ல வேற யாரோ படுத்திருக்காங்க. டிடிஇ இங்க இறக்கி விட்டுட்டார்." டிக்கெட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அது வருவதற்கு முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதே வண்டியில் நான் செய்த தவறு அது.

பையைச் சங்கிலி போட்டுப் பூட்டு, தண்ணீர் எடுத்துக்கொள் என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்புவார்கள். இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

நள்ளிரவு தாண்டினால் தேதி வேறு

12657, சென்னை–பெங்களூரு மெயில். சென்ட்ரலில் இரவு பதினொன்றை ஒட்டிக் கிளம்பி விடியற்காலையில் பெங்களூரு வந்து சேரும். சென்னையில் ஏறுபவருக்குச் சிக்கலே இல்லை; ஞாயிறு இரவு வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமைத் தேதி. ஆனால் அந்த வண்டி காட்பாடிக்கு வரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். ரயில்வே கணக்கில் அது திங்கட்கிழமை. காட்பாடியிலிருந்து என்று போட்டு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது சனிக்கிழமை ராத்திரி சென்னையை விட்ட வண்டி. நீங்கள் பையோடு பிளாட்பாரத்துக்கு வரும்போது அது போய் ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகியிருக்கும்.

நமக்கு விடியும் வரைக்கும் ஞாயிறு ராத்திரிதான். பஞ்சாங்கத்திலும் சூரிய உதயத்தில்தான் நாள் பிறக்கிறது. அந்தப் பழக்கத்திலேயே காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டுவிடுகிறோம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த ராத்திரி, காட்பாடி பிளாட்பாரத்தில் வேலூருக்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளக் குடும்பங்கள் போர்வை விரித்துப் படுத்திருந்தன. நான் அம்மா கட்டிக் கொடுத்த பொடி டப்பாவோடு எஸ்-5இல் ஏறி, என் பெர்த்தில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவரைத் தட்டி எழுப்பினேன். அவரும் டிக்கெட்டைக் காட்டினார். பெட்டியும் எண்ணும் ஒன்றேதான். டிடிஇ வந்து இரண்டையும் வாங்கிப் பார்த்தார். என் டிக்கெட்டில் தேதி அச்சான இடத்தில் பேனா முனையை வைத்து, "சார், இது நேத்து வண்டி" என்றார். அந்தப் பெரியவரை எழுப்பியது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான். ஜோலார்பேட்டையில் இறங்கி, சாதாரண டிக்கெட் எடுத்து, பின்னால் வந்த வண்டியில் கதவோரம் நின்றே பெங்களூரு வந்தேன். வண்டி போன பிறகு கன்பர்ம் டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது. அதுவும் போயிற்று.

இவ்வளவுக்கும் டிக்கெட்டில் தேதி சரியாகத்தான் அச்சாகியிருக்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை, கன்பர்ம் என்ற ஒரு சொல்லை மட்டும் பார்க்கிறோம். வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை இப்படி நடு ராத்திரியில் தவிக்கும்போது எனக்கு எரிச்சல் பொங்குகிறது. புறப்படும் நேரம் 00, 01, 02 என்று தொடங்கினால் காலண்டரில் அடுத்த நாளைத் தொடுங்கள். அவ்வளவுதான் வேலை.

இதில் இரண்டு கிளைச் சிக்கல்கள் உண்டு. சென்னையிலிருந்து டிக்கெட் எடுத்து ஏறுமிடத்தை மட்டும் காட்பாடி என்று கொடுத்தால், தேதி சென்னைக் கணக்கில் ஞாயிறு. காட்பாடியிலிருந்தே எடுத்தால் திங்கள். அப்புறம் தட்கல், அதாவது கடைசி நேர முன்பதிவு. வண்டி தன் முதல் ஸ்டேஷனை விடும் தேதிக்கு முந்தைய நாள்தான் அது திறக்கும். திங்கட்கிழமைத் தேதியிட்ட காட்பாடி டிக்கெட்டுக்கு ஞாயிறு காலை உட்கார்ந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. சனிக்கிழமையே உட்கார வேண்டும்: ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11.

வெயிட்டிங் லிஸ்ட்

ஆன்லைனில் எடுத்தது, சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போட்ட பிறகும் வெயிட்டிங்கிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். அதோடு ஏறாதீர்கள்.

ஆர்ஏசி

முழு பெர்த் இன்னும் கிடைக்காத டிக்கெட் இது. ஏறலாம். சைடு லோயரில் இன்னொருவரோடு பாதி இடம்.

நடு பெர்த்

இரவு 10 முதல் காலை 6 வரைதான் விரிக்கலாம்.

பெங்களூரில் எந்த ஸ்டேஷன்?

மெஜஸ்டிக்கில் இருப்பது கேஎஸ்ஆர், அதாவது பழைய சிட்டி ஸ்டேஷன். யஷ்வந்த்பூர் வேறு. 2022 ஜூனில் வண்டிகள் ஓடத் தொடங்கிய விஸ்வேஸ்வரய்யா டெர்மினல் பையப்பனஹள்ளிப் பக்கம் இருக்கிறது. பெயரைப் பார்த்து பையப்பனஹள்ளி மெட்ரோவில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெட்ரோவுக்கு ஒட்டினாற்போல் இல்லை அது. ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும்.

கே.ஆர்.புரத்தில் இறங்குபவர்கள்

இருட்டிலேயே வந்துவிடும். ரயில்வே உதவி எண் 139க்குப் போன் செய்து எழுப்பச் சொல்லி வைக்கலாம். நான் பங்காருப்பேட்டை தாண்டியதும் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.