ஐப்பசி மழையும் வீட்டு மருந்தும்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

புரட்டாசி முடிந்து வானம் கருக்கத் தொடங்கியதும் எங்கள் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்துவிடும். பக்கத்துத் தெருவுக்குப் புதிதாக மருமகளாக வந்த பெண்கள், சென்னை வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்ட பையன்கள். "அத்தை, கசாயம் எப்படிப் போடணும்?", "அத்தை, லேகியத்துக்கு என்னென்ன வாங்கணும்?" என்று கேட்பார்கள். நான் வைத்தியர் இல்லை. அம்பாசமுத்திரத்தில் என் ஆச்சி செய்ததைப் பார்த்துப் பழகி, பாளையங்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு இருபது வருடத்துக்கும் மேலாக என் வீட்டுக்குச் செய்துகொண்டிருப்பவள். அவ்வளவுதான்.

போன வாரம் வந்த ஒரு பெண், தான் இந்த மழைக்கு என்னவெல்லாம் செய்தாள் என்று வரிசையாகச் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்குப் பகீரென்றது. அத்தனையும் நான் ஒரு காலத்தில் செய்தவை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மழையில் நனையாதே, தலை ஈரத்தோடு படுக்காதே என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதை உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார்.

வேறு ஊரின் பருவத்தை இங்கே கொண்டுவருவது

அந்தப் பெண் பேரிக்காயைக் கற்கண்டோடு வேகவைத்துத் தினமும் குடித்திருக்கிறாள். இலையுதிர் காலத்தில் நுரையீரலைக் காக்க அதுதான் வழி என்று எங்கோ படித்தாளாம். படித்தது பொய் இல்லை. சீன மருத்துவத்தில் இலையுதிர் காலம் வறட்சியின் காலம். அந்த வறட்சி நுரையீரலைத் தாக்கும் என்பதால் ஈரம் சேர்க்கிற உணவைச் சொல்கிறார்கள். ஆயுர்வேதத்தின் சரத் ருதுவும் அப்படித்தான். அங்கே மழை விட்டு வெயில் ஏறும், பித்தம் கூடும், அதனால் குளிர்ச்சியானதைச் சாப்பிடச் சொல்வார்கள்.

நமக்கு அந்த மாதங்களில்தான் மழையே தொடங்குகிறது. சித்த மருத்துவம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். கூதிரில் சுவரெல்லாம் ஓதம் ஏறி நிற்கும், துவைத்த துணி இரண்டு நாள் காயாது, வயிறு மந்தமாக இருக்கும். இந்த நேரத்தில் குளிர்ச்சியைச் சேர்த்தால் சளி கட்டாமல் என்ன செய்யும்? சுக்கு வெந்நீர், கொள்ளு ரசம், தூதுவளைத் துவையல், பூண்டு போட்ட மிளகுக் குழம்பு என்று நம் வீடுகளில் இந்த மாதங்களில் சமைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏட்டில் எது இருந்தாலும் முதலில் வாசலுக்கு வந்து வானத்தைப் பாருங்கள்.

குடிநீர்க் கசாயத்தைத் தேநீர் போலப் போடுவது

நிலவேம்புக் குடிநீர்ப் பொடி ஒன்பது சரக்கு சேர்ந்தது: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். இதில் பாதிக்கு மேல் வேரும் கட்டையும் கிழங்கும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடத்தில் வடிகட்டினால் கசப்பு இறங்கும், சாரம் இறங்காது. பொடி கொரகொரப்பாக இருப்பதே காய்ச்சுவதற்காகத்தான். அதைத் தேனில் குழைத்துத் தின்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம் பொடிக்கு 240 மில்லி தண்ணீர். சிறு தீயில் வைத்து 60 மில்லியாக வற்ற வேண்டும். வற்றியதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆச்சி ஒரு வழி வைத்திருந்தாள். முதலில் பாத்திரத்தில் கால் பங்குத் தண்ணீரை மட்டும் ஊற்றுவாள். சுத்தமான ஈர்க்குச்சி ஒன்றை நேராக நிறுத்தி, நனைந்த இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போடுவாள். அப்புறம்தான் மீதித் தண்ணீரும் பொடியும். காய்ச்சும்போது அவ்வப்போது குச்சியை விட்டுப் பார்ப்பாள். தண்ணீர் அந்தக் கீறலுக்கு இறங்கியதும் அடுப்பை அணைத்துவிடுவாள். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

போட்ட உடனே குடித்துவிட வேண்டும். காலையில் போட்டதை ராத்திரி சுடவைத்துக் குடிக்காதீர்கள். "நல்லதுதானே" என்று மாதக்கணக்கில் தினமும் குடிப்பதும் தவறு. அது மருந்து. கர்ப்பிணிகளுக்கு நாமாகப் போட்டுக் கொடுக்கவே கூடாது.

கிலோக் கணக்கில் வாங்கி வைப்பது

பொடி நூறு கிராம் போதும். ஓதத்தில் கட்டிபிடித்துப் பூசணவாடை அடித்தால் கொட்டிவிடுங்கள்; வெயிலில் உலர்த்தி மீட்க முடியாது.

காய்ச்சல் விட்டதும் கண்ணை எடுத்துவிடுவது

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இத்தனை வருடம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. யாராவது என் முன்னால் இதையே செய்தால் கோபம் வந்துவிடுகிறது.

2012-இல் நம் பக்கம் டெங்கு பரவியது பலருக்கு நினைவிருக்கும். அரசாங்கமே நிலவேம்புக் குடிநீர் கொடுக்க ஆரம்பித்த சமயம் அது. அந்த ஐப்பசியில் என் தம்பி எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். ஒரு ராத்திரி, "மேலுக்குச் சொகமில்லக்கா" என்று படுத்தவனுக்கு நெருப்பாகக் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பெல்லாம் கடுப்பு. ரத்தம் பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். நான்தான் மூன்று நாள் குடிநீர் கொடுத்துப் பார்ப்போம் என்றேன். வேளை தவறாமல் கொடுத்தேன்.

நாலாம் நாள் காலை நெற்றியைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. இரண்டு இட்லி கேட்டுச் சாப்பிட்டான். எனக்கு அப்படியொரு நிம்மதி. அம்மாவுக்குப் போன் போட்டு, குடிநீர் கேட்டுவிட்டது என்று சொன்னேன். அன்று மதியம் முழுக்கத் தூங்கினான். அசதி, தூங்கட்டும் என்று விட்டேன். சாயங்காலம் எழுப்பினால் வயிறு வலிக்கிறது என்றான், உட்கார வைத்தால் தலை சுற்றியது. கையைப் பிடித்தேன், உள்ளங்கை சில்லிட்டு ஈரமாக இருந்தது. காலையிலிருந்து அவன் ஒரு தடவைதான் சிறுநீர் போயிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல் ஈறில் ரத்தம் கசிவதைப் பார்த்ததும் ஆட்டோ பிடித்தோம். ஆறு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துவிட்டான். ஆனால் அந்த முதல் இரண்டு ராத்திரியை நான் மறக்கவில்லை.

டெங்குவில் ஆபத்து காய்ச்சல் ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான் வரும். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே காய்ச்சல் விடும். அதிலிருந்து ஒன்று இரண்டு நாள்தான் கண்டம். சிலருக்கு அந்த நேரத்தில் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும், ரத்தம் கெட்டிப்படும், அழுத்தம் இறங்கும். தொட்டுப் பார்த்தால் உடம்பு குளிர்ந்திருக்கும். நாம் அதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, எழுப்பினாலும் எழாத அசதி, சிறுநீர் குறைவது - இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே கிளம்ப வேண்டும், ராத்திரி என்று பார்க்கக் கூடாது.

அப்புறம் இந்தப் பப்பாளி இலைச் சாறு. சாற்றைக் கொடுத்துவிட்டு எல்லோரும் தட்டணு எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மருத்துவர்கள் அதோடு பிசிவி என்று ஒன்றையும் பார்க்கிறார்கள். ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று சொல்வது அதுதான். நீர் கசிவதைத் தட்டணுக் கணக்கு மட்டும் காட்டிக்கொடுக்காது.

இப்போது நான் வைத்திருக்கும் முறை இது. மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் இரண்டாம் நாளே ரத்தம் பார்த்துவிடுவோம். டெங்குவா என்று முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிய வாய்ப்பு அதிகம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவில். ஆஸ்பிரின், புரூஃபென் வகை வலி மாத்திரை எதுவும் கிடையாது. அவை ரத்தக் கசிவைக் கூட்டும். கஞ்சி, மோர், இளநீர் என்று எந்நேரமும் நீராகாரம். எத்தனை தடவை சிறுநீர் போகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வைப்பேன். குடிநீர் கொடுக்கலாமா என்று மருத்துவரிடமே கேட்டுவிடுவேன். நம் ஊரில் கேட்க ஆள் இல்லை என்று சொல்லவே முடியாது. பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஹைகிரவுண்டில் ஆங்கில மருத்துவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒன்றிற்குப் போனால் இன்னொன்றுக்குத் துரோகம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

போன வாரம் வந்த பெண்ணும் அன்றைக்கு நான் நினைத்த மாதிரியேதான் சொன்னாள்: "மாமாவுக்கு மூணு நாளாக் காய்ச்சல், இன்னைக்கு விட்டுட்டு, இனி என்ன அத்தை?" அப்போதே அனுப்பி ரத்தம் பார்க்கச் சொன்னேன்.

தெளிந்த தண்ணீரைச் சுத்தமான தண்ணீர் என்று நம்புவது

தாமிரபரணியில் புதுவெள்ளம் வந்தால் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். பானையின் உட்புறத்தில் தேற்றான்கொட்டையை உரசிவிட்டால் கலங்கல் அடியில் படிந்து மேலே கண்ணாடி போலத் தெளியும். அருமையான முறை, நானும் செய்கிறேன். ஆனால் கொட்டை கலங்கலைப் படியவைக்குமே தவிர, கிருமி மொத்தத்தையும் போக்கிவிடாது. தெளிந்த பிறகு கொதிக்கவைத்தே குடியுங்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மதியம் தூங்குவது

தீபாவளியன்று எல்லோரும் செய்வது. விடியற்காலையில் எழுந்து, எண்ணெய் தேய்த்து, லேகியம் தின்று, பலகாரம் தின்றால் கண் சொக்கத்தான் செய்யும். எண்ணெய் முழுக்கு அன்று பகல் தூக்கம் ஆகாது என்று ஆச்சி எங்களை உட்காரவைத்துத் தாயம் ஆடவிடுவாள். காய்ச்சல், சளி இருக்கும்போது எண்ணெய் முழுக்கே கிடையாது.

குழந்தைக்குப் போர்வை போர்த்தி ஆவி பிடிப்பது

வேண்டாம். நொச்சி இலையானாலும் கொதிக்கிற பானை கொதிக்கிற பானைதான்.

கருப்பட்டியைச் சர்க்கரைக் கணக்கில் சேர்க்காதது

உடன்குடிக் கருப்பட்டியும் சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்கள் லேகியத்தையும் கருப்பட்டிக் காபியையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தொட்டியில் தண்ணீரை மட்டும் மாற்றுவது

டெங்குக் கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், அதுவும் நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் ஒட்டவைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயே காய்ந்து மாதக்கணக்கில் இருக்கும். மறுபடி நனைந்தால் பொரிக்கும். பொரித்துக் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் தொட்டி, குடம், ஃபிரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிடுகிறோம். தம்பி வந்திருந்தால் தொட்டி தேய்ப்பது அவன் வேலை.