ஆடி அமாவாசையைப் பார்த்துவிட்டு விமானச் சீட்டு எடுங்கள்

ஜூலை, ஓகஸ்ட் வந்தால் எங்கள் வெள்ளவத்தை நிறைந்துவிடும். லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று எங்கெங்கோ இருக்கும் சொந்தங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குவார்கள். இரண்டு நாள் கொழும்பில் உடுப்பு, நகை. அப்புறம் இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம். நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா முடிந்ததும் நேரே கட்டுநாயக்க விமானநிலையம். இந்தப் பயணத்தில் மூன்று நாளைக் கண்டிக்கு, அங்கே நடக்கும் எசல பெரஹரா என்ற இரவு ஊர்வலத் திருவிழாவுக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நாள் இடிக்குமே என்று பலர் பயப்படுகிறார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் அந்தப் பயம் போய்விடும். நல்லூர்க் கொடியேற்றமும் சரி, கண்டி எசல பெரஹராவும் சரி, ஆடி அமாவாசையை ஒட்டித்தான் தொடங்குகின்றன. ஆனால் கண்டி பௌர்ணமியோடு முடிந்துவிடும். நல்லூர்த் தேர் அடுத்த அமாவாசை நெருங்கும்போதுதான் ஓடும். 2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நல்லூரில் ஜூலை 29 கொடியேறியது, கண்டி வீதியில் ஜூலை 30 முதல் ஊர்வலம். கண்டியின் கடைசி இரவு ஓகஸ்ட் 8, நல்லூர்த் தேர் ஓகஸ்ட் 21. கண்டியைப் பார்த்துவிட்டு ஆறுதலாக வடக்கே போகலாம். திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் ஆடி அமாவாசை எப்போது என்று பார்த்துவிட்டுச் சீட்டு எடுங்கள்.

பெரஹராவில் இரண்டு கட்டம். முதல் ஐந்து இரவு கும்பல் பெரஹரா, அடுத்த ஐந்து இரவு ரந்தோலி பெரஹரா. கும்பல் என்பது இங்கே சிங்களப் பெயர், சனக்கூட்டம் அல்ல. ரந்தோலி என்றால் பொற்பல்லக்கு. இரவுக்கு இரவு யானைகளும் ஆட்டக்காரர்களும் கூடிக்கொண்டே போவார்கள், சனமும் அப்படித்தான். சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் கூட வந்தால் கும்பல் இரவுகளில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். அலங்காரம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் வீதியோரத்தில் மூச்சுவிட இடமிருக்கும். கடைசி ரந்தோலிக்கு மத்தியானமே பாய் விரித்து இடம்பிடித்து விடுவார்கள். கடைகளின் மேல்மாடிகளிலும் ஹோட்டல்களிலும் கதிரைக்குக் காசு வாங்குவார்கள். எந்த வீதி, முன்வரிசையா, திரும்பும் நேரத்தில் வெளியே விடுவார்களா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். சில வருடங்களுக்கு முன் ரொறன்ரோவிலிருந்து வந்த எங்கள் சித்தப்பா குடும்பம் முன்வரிசை என்று நம்பிக் காசு கட்டியது. போய்ப் பார்த்தால் தூணுக்குப் பின்னால் நான்கு கதிரை.

தலதா வீதி, டி. எஸ். சேனநாயக்க வீதி, ராஜ வீதி ஆகியவற்றில் எங்கே இடம் கிடைத்தாலும் நல்லது. முதலில் சாட்டையடிக்காரர்கள் வருவார்கள், பிறகு தீப்பந்தம் சுழற்றுபவர்கள், கொடிகள், மேளம். புத்தரின் புனிதப் பல் இருக்கும் கோயிலான தலதா மாளிகையின் கொம்பன் யானை அந்தப் பல்லுக்குரிய பேழையைச் சுமந்து வரும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நாமும் எழுந்து நிற்க வேண்டும்.

எங்களவர்கள் பலர் இந்த இடத்தோடு எழும்பிப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள், பின்னால் வருவது நம் தெய்வங்கள். நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி என்று நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கதிர்காமத் தேவாலயத்தோடு வருவது முருகன்தான், காவடியும் ஆடி வருவார்கள். கடைசியாக வரும் பத்தினி நம்முடைய கண்ணகி. இலங்கை மன்னன் கயவாகு அவள் வழிபாட்டைச் சேரநாட்டிலிருந்து கொண்டுவந்தான் என்பது இரு பக்கத்தாரும் சொல்லும் மரபு. நான் முதல்முதலாகப் போனபோது பக்கத்திலிருந்த சிங்கள அம்மா பத்தினி யானையைக் கண்டதும் கைகூப்பி முணுமுணுத்தார். வற்றாப்பளையில் என் அம்மம்மா கண்ணகி அம்மனைக் கும்பிடுவதும் அப்படித்தான். இன்னொன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முன்பு இது தேவர்களுக்கான ஊர்வலமாகவே இருந்தது. புத்தரின் பல்லை அதில் சேர்த்தவன் 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரைப் பக்கமிருந்து வந்த நாயக்க வம்சத்தவன்.

கொழும்பிலிருந்து கண்டி சுமார் 115 கிலோமீற்றர். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயிலில் மூன்று மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள், மலை ஏறும் அழகுக்காகவே ரயில்தான் நல்லது. பெரஹரா நாட்களுக்கான ஆசனங்கள் முன்பதிவு திறந்த கையோடு முடிந்துவிடும். நகருக்குள் அறை இல்லையென்றால் பேராதனை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் பாருங்கள். ஊர்வலம் முடிய நடுச்சாமம் ஆகலாம், வீதிகளையும் மூடியிருப்பார்கள். அன்றிரவே கொழும்பு திரும்ப நினைக்காதீர்கள். தீவட்டிகளில் கொப்பரை எரிப்பார்கள், புகை கடுமை. இழுப்பு உள்ளவர்கள் மருந்தைக் கையில் வைத்திருங்கள். குடையும் வேண்டும். மாளிகைக்குள் போவதென்றால் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, செருப்பு வெளியே. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கவே கூடாது, வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போயா எனப்படும் பௌர்ணமி தினத்தில் மதுவும் இறைச்சியும் விற்கமாட்டார்கள்.

பகலில் கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு மாத்தளை போய்வரலாம், ஏறக்குறைய 25 கிலோமீற்றர்தான். அங்கே முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்தில் ஐந்து தேர் வீதியில் ஓடும். மலையகச் சனங்கள் தோட்டம் தோட்டமாக வந்து கூடுவதைப் பார்க்க விரும்பினால் மாசியில் ஒரு பயணம் வையுங்கள். ஏப்ரலில் வருபவர்களுக்கு நுவரெலியா வசந்தகாலம் இருக்கிறது: மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கார் ஓட்டம். சுவெற்றர் கொண்டுபோங்கள். எனக்கு அந்தச் சனநெரிசலை விட, சும்மா ஒரு நாளில் சீத்தா எலிய அம்மன் கோயில் ஆற்றங்கரையில் இருப்பதுதான் பிடிக்கும்.

கொழும்பில் நிற்கும் நாட்களில் ஆடிவேல் வந்தால் அதையும் விடாதீர்கள். செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து வேல் தேரில் ஏறிக் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு வரும். அது எந்த நாளென்று கோயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்டியில் கடைசி இரவுக்கு மறுநாள் விடியற்காலையில், கெட்டம்பேயில் மகாவலி ஆற்று நீரை வாளால் வெட்டும் நீர்வெட்டுச் சடங்கு நடக்கும். பிறகு பகல் பெரஹரா. அதையும் பார்த்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பவேண்டிய தேவையில்லை. ஏ-9 வீதி தொடங்குவதே கண்டியில்தான். யாழ்ப்பாணம் சுமார் 320 கிலோமீற்றர், நேரடி பஸ் இருக்கிறது. காலையில் ஏறினால் மாலையில் நல்லூர் வீதியில் நிற்கலாம், தேருக்கு இன்னும் நாள் இருக்கும்.