எழுத்துப் பிழையைப் பார்த்து ஏமாறாதீர்கள்: சோக்டியக் காசைச் சோதிக்கும் விதம்

ஆற்காடு ரூபாயைக் கையில் வைத்துப் பழகியவர்களுக்கு நடு ஆசியாவின் சோக்டியக் காசு சட்டென்று பிடிபடும். முகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீர் 1759-லேயே இறந்துபோனார். அதற்குப் பிறகும் சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் அவர் பெயரையும் ஹிஜ்ரி 1172-ஐயும் பொறித்து, அடித்த ஊர் ஆற்காடு என்று போட்டு ரூபாய் விட்டார்கள். சனங்களுக்குப் பழகிய முகப்பு அது. இன்றைய புகாரா, சமர்கந்து வட்டாரமான பழைய சோக்டியானாவிலும் இதே கதைதான். பாக்ட்ரியாவை (இன்றைய வட ஆப்கானிஸ்தான் பக்கம்) ஆண்ட கிரேக்க அரசன் முதலாம் யூத்திடெமஸ் (சுமார் கி.மு. 230–200) வெளியிட்ட நான்கு திராக்மா (திராக்மா என்பது கிரேக்க நாணய அலகு) வெள்ளிக் காசை, அவன் காலத்துக்குப் பிறகும் அங்கே நகலெடுத்து அடித்துக்கொண்டே போனார்கள்.

முன்பக்கம் வலப்புறம் திரும்பிய அரசன் தலை. பின்பக்கம் பாறைமேல் உட்கார்ந்து கதாயுதம் பிடித்த கிரேக்கப் புராண வீரன் ஹெரக்ளிஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் எழுத்தைப் பாருங்கள். அச்சு வெட்டியவருக்குக் கிரேக்கம் தெரியாததால் எழுத்துகள் கோடாகவும் புள்ளியாகவும் சிதைந்திருக்கும், ஹெரக்ளிஸ் குச்சி மனிதனாகியிருப்பார். இவை போலிக்கு அடையாளம் அல்ல, பிந்திய நகல் என்பதற்கு அடையாளம். மூலக் காசு 16–17 கிராம் வரும், பிந்திய நகல்கள் 10 கிராம் பக்கம் இறங்கிவிட்டன. எடை குறைவு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அடுத்தது அடர்த்தி. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். காசின் எடையைத் தராசு காட்டும் எண்ணால் வகுக்க வேண்டும். 10.00 கிராம் காசுக்கு 0.97 காட்டினால் 10.31, தொண்ணூறு சதவீத வெள்ளியோடு செம்பு கலந்தால் அப்படித்தான் வரும். குமிழி ஒட்டினால் கணக்கு கீழே இழுக்கும், ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டால் ஒட்டாது. 4 கிராம் திராக்மாவில் 0.01 பிசகினாலே 10.26 என்பது 10.00 ஆகிவிடும், ஆகவே மூன்று தடவை பாருங்கள். இது உலோகத்தைத்தான் சொல்லும், வயதைச் சொல்லாது.

போலியைக் காட்டிக்கொடுப்பது விளிம்பு: சுற்றிலும் மெல்லிய இணைப்புக் கோடு, பரப்பில் ஊசிக்குத்து மாதிரிக் குழிகள் இருந்தால் வார்த்த காசு. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளில்கூடக் கீறலும் விளிம்பு வெடிப்பும் ஒரே இடத்தில் இருக்காது. இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பின் பிள்ளைகள்.

காசைக் கல்லில் சுண்டி 'டங்' ஓசை கேட்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். மண்ணுக்குள் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி உடையக்கூடியதாகியிருக்கும், ரஸ்க் மாதிரி முறியும். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல விபூதியோ புளியோ வேண்டவே வேண்டாம். ஆம்பூர்த் தோல் பர்ஸும் ஆகாது, தோலிலுள்ள அமிலமும் கந்தகமும் வெள்ளியைக் கறுக்கவைக்கும். பிவிசி உறையில் போட்டால் பச்சைப் பிசுக்கு படியும். அமிலமில்லாத காகித உறை போதும், சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம் கூடவே.

சான்றிதழுக்காக வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்காதீர்கள். நூறு வருடம் கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது.